க்ளெண்டா திருப்பிக் கொடுத்த கிளாஸ்

எங்கள் ஹார்ட்லோவில் நான்கு பப்கள் இருக்கின்றன. நாலாயிரம் பேருக்கு நான்கு பப் போதாதா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். இருக்கிறது என்பதற்காக நான்கிலும் போய் உட்கார முடியுமா? ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அந்த விஷயத்தில் க்ளெண்டா பர்ஸ்லோவை மிஞ்ச இந்த வட்டாரத்திலேயே ஆள் கிடையாது. அவளுக்குப் பயந்து இதை எழுதவில்லை. பயம் உண்டு, அது வேறு விஷயம்.

க்ளெண்டா பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். முப்பத்தொரு வருஷம், பண்ணை பண்ணையாக நின்று பிள்ளைகளை ஏற்றி இறக்கினாள். இப்போது அறுபத்தெட்டு வயது. செருப்புக் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு சமையல் மூலை, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல், அவ்வளவுதான் வீடு. வந்தவர்களை உட்கார வைக்க இரண்டாவது நாற்காலிகூடக் கிடையாது. "எதுக்கு? என் கூடம் தெருமுனையில இருக்கு. நோரீன் தினமும் கூட்டிப் பெருக்கி வைக்கிறா" என்பாள். நோரீன் என்பவள் 'மூன்று லாடம்' பப்பின் சொந்தக்காரி.

டெரிக் என்று ஒரு புருஷன் இருந்தார். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அந்த மனுஷன், "நானா, பப்பா? ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்று கேட்டு வைத்தாராம். "பாவம், கேட்டிருக்க வேண்டாம்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். டெரிக் இப்போது தன் அக்கா ஊரில் சௌக்கியமாக இருக்கிறார்.

அவளுக்குப் பத்தொன்பது வயதில் நடந்த ஒன்றைச் சொன்னால்தான் ஆளைப் புரியும். அந்தக் காலத்தில் 'ஆட்டுக்கிடா' பப்பில் பெண்களுக்கு அரை கிளாஸில்தான் பீர் கொடுப்பார்கள். முழு கிளாஸ் ஆம்பளை சமாச்சாரம். க்ளெண்டா போய் முழு கிளாஸ் கேட்டாள். "பொம்பளைங்களுக்கு அரைதாம்மா" என்றார் பழைய முதலாளி. "அப்ப அரை ரெண்டு குடுங்க" என்றாள். பக்கத்தில் ஒருவர் குடித்து முடித்து வைத்திருந்த முழு கிளாஸை எடுத்துக் கைக்குட்டையால் துடைத்தாள். இரண்டு அரையையும் அதில் ஊற்றினாள். கவுன்டரிலேயே நின்று, முதலாளியின் முகத்துக்கு நேரே குடித்தாள். மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். பன்னிரண்டாம் நாள் முதலாளி பேசாமல் முழு கிளாஸை எடுத்து வைத்துவிட்டார். நான் அப்போது மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. நான் டெஸ்மண்ட், ஊரார் வாயில் டெஸ், தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். பேசாமல் இருப்பதுதான் என் பழக்கம்.

நல்ல பப் எது என்று கண்டுபிடிக்க அவளிடம் சில வழிகள் உண்டு. முதலில் கழிப்பறையைப் போய்ப் பார்ப்பாள். அதை வைத்தே நிலவறையில் பீப்பாய் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுவாள். முதலாளி தன் கடை பீரைத் தானே குடிக்கிறானா என்று கவனிப்பாள். பீப்பாயிலிருந்து பீரை இழுத்து ஊற்றுகிற கைப்பம்பு வரிசையாக ஏழெட்டு இருந்தால் திரும்பி நடந்துவிடுவாள். கூட்டம் இல்லாத ஊரில் ஏழு பீப்பாயைத் திறந்து வைத்தால் எப்போது தீரும்? குடிக்கக் குடிக்க நுரை கண்ணாடியில் வளையம் வளையமாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கிளாஸ் சரியாகக் கழுவப்படவில்லை என்று அர்த்தம். இதையெல்லாம் பீர் தெரிந்த யாரும் சொல்லிவிடலாம். கடைசி ஒன்றுதான் அவளுடையது. ஒரு பெண் தனியாக வந்து உட்கார்ந்தால், "யாரையாவது எதிர்பார்த்திருக்கீங்களா?" என்று ஒருத்தரும் கேட்கக் கூடாது. கேட்டால் அந்த பப் தேறாது.

எங்கள் ஊரில் ஒரு பீர்ச் சங்கம் உண்டு. ஏழு பேர். வருஷா வருஷம் மார்ச் மாதத்தில் நான்கு பப்புக்கும் போய்க் குடித்துப் பார்த்து, மார்க் போட்டு, ஊரிலேயே நல்ல பப் எது என்று தேர்ந்தெடுத்து ஒரு மரப்பலகை கொடுப்போம். தலைவர் நெவில் கௌண்ட், பாங்க் மேனேஜராக இருந்தவர். செயலாளர் நான், வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால். க்ளெண்டாவும் எங்களில் ஒருத்தி. உண்மையைச் சொன்னால் அவள் ஒருத்திதான் சங்கம், மற்ற ஆறு பேரும் தாகம்.

போன மார்ச்சில் ஆட்டுக்கிடாவுக்குப் போனோம். க்ளைவ் ஸ்க்ரிவன் என்று நாற்பது வயசு ஆள் புதிதாக எடுத்து நடத்துகிறார். சுவருக்கெல்லாம் சாம்பல் வண்ணம், மேசைக்கு மேசை மெழுகுவர்த்தி, வறுத்த மீனைத் தட்டுக்குப் பதில் மரப்பலகையில் வைத்துக் கொடுப்பார். நல்ல சிரித்த முகம். ஊருக்கே அவரைப் பிடித்துப் போயிருந்தது. ஏழு கிளாஸ் வந்தது. நான் முதல் வாய் குடித்தேன்.

புளிப்பு. வறுத்த உருளைக்கிழங்கின் மேல் ஊற்றுகிற வினிகர் இருக்கிறதே, சாட்சாத் அதுதான். நெவிலைப் பார்த்தேன். அவர் முகம் ஒரு கணம் கோணிக்கொண்டு போய், பிறகு நேரானது. மற்றவர்கள் சுவரில் இருந்த படங்களை ரசிக்க ஆரம்பித்தார்கள்.

எங்கள் ஜனங்களைப் பற்றி என்ன சொல்வது? காலை மிதித்தவனிடம் மிதிபட்டவன்தான் இங்கே ஸாரி சொல்வான். ஹோட்டலில் வேகாத கோழியை வைத்தால், பாதியை நாப்கினில் சுருட்டி ஒளித்துவிட்டு "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு வருவோம். குறை சொல்வதைவிட வயிற்றுப்போக்கு மேல் என்று நினைக்கிற கூட்டம் இது. நானும் அதில் ஒருவன்தான்.

க்ளெண்டா ஒரு வாய் குடித்தாள், கிளாஸை மோந்து பார்த்தாள், எழுந்து கவுன்டருக்குப் போனாள்.

"தம்பி, இது புளிச்சுப் போயிருக்கு. வேற பீப்பாய்லேர்ந்து ஊத்திக் குடு."

க்ளைவ் சிரித்தார். "இல்லீங்க மேடம், இந்த பீரோட டேஸ்ட்டே அதான்."

"இதை நான் நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து குடிக்கிறேன். டேஸ்ட் எனக்குத் தெரியும். பீப்பாய்லேர்ந்து வர்ற கொழாயைக் கடைசியா எப்பக் கழுவின?"

"வேற யாரும் ஒண்ணும் சொல்லலையே?"

"அவங்க சொல்ல மாட்டாங்க. விஷத்தக் குடுத்தாலும் தேங்க்யூ சொல்லிட்டுத்தான் குடிப்பாங்க."

க்ளைவ் எங்கள் பக்கம் திரும்பினார். "என்ன சார், பீர் எப்படி? எல்லாம் சரியா இருக்கா?"

"அருமை, அருமை" என்றார் நெவில். மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். க்ளைவின் பார்வை என்னிடம் வந்து நின்றது. க்ளெண்டாவும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாருக்கு, தேங்க்ஸ்" என்றேன். அதோடு விட்டேனா? நிரூபிக்கிற மாதிரி இன்னொரு பெரிய வாயும் குடித்தேன்.

அவள் கத்தவில்லை. கவுன்டரில் கைப்பம்புக்கு அடியில் சிந்துவதற்காக ஒரு தட்டு வைத்திருப்பார்கள். தன் கிளாஸை அதன் மேல் சாய்த்து, அவசரமில்லாமல், கடைசிச் சொட்டு வரை ஊற்றினாள். "இந்தா, நீயே மோந்து பாத்துக்க." தட்டு நிரம்பி வழிந்து க்ளைவின் புது ஷூவெல்லாம் பீர். கடை முழுக்க வினிகர் வாடை அடித்தது. அப்போதும் நாங்கள் ஆறு பேரும் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கே க்ளைவ் அவள் ஆட்டுக்கிடாவுக்குள் வரக் கூடாது என்று தடை போட்டுவிட்டார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. எங்கள் ஊர் பப்காரர்கள் நான்கு பேரும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். ஒரு கடையில் தடை என்றால் நான்கிலும் தடை. சனிக்கிழமை ராத்திரி ஜன்னலை உடைக்கிற பயல்களுக்காகப் போட்டது அது. ஒவ்வொரு கவுன்டருக்குப் பின்னாலும் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும். அதில் மூன்று பேர் இருந்தார்கள்: நாற்காலியை எறிந்தவன் ஒருவன், தர்ம உண்டியலைத் திருடியவன் ஒருவன், மீன்தொட்டியில் ஒன்றுக்குப் போனவன் ஒருவன். நான்காவதாக க்ளெண்டா பர்ஸ்லோ, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர்.

நோரீன் அழாத குறையாக அவள் அறைக்குப் படியேறிப் போனாள். நானும் கூடப் போனேன், நோரீன் இழுத்துக்கொண்டு போனதால்.

"கண்ணு, நான் என்ன பண்ணுவேன்? கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேனே. நான் மீறினா, நாளைக்கு அந்த நாற்காலிக்காரனை யாராவது சேத்துப்பாங்க, அவன் நேரா என் கடைக்குத்தான் வருவான். ஒரு ஸாரி. ஒரே ஒரு வரி. பேப்பர்ல எழுதிக் குடு, நானே கொண்டுபோய்க் குடுக்குறேன்."

"பஸ் கண்ணாடில குருவி மோதினாக்கூட நான் ஸாரி சொல்றவ, நோரீன். இதுக்கு மாட்டேன்."

"ஊத்தினதுக்கு மட்டும் சொல்லேன்."

"ஊத்தினதுக்கு வேணா சொல்லுவேன். அவன் கேக்கறது அது இல்ல. பீர் நல்லாத்தான் இருந்துச்சு, என் மேலதான் தப்புன்னு எழுதணுமாம். பீர் புளிச்சிருந்துச்சு." பிறகு என்னைப் பார்த்தாள். "என்ன டெஸ், புளிச்சிருந்துச்சா இல்லையா?"

நான் கெட்டில் கொதிக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டேன்.

ஏப்ரலில் மார்க் கூட்டினோம். பப்புக்குள் நுழைய முடியாதவள் எப்படி மார்க் போடுவாள் என்று க்ளெண்டாவின் பேரை நெவில் எடுத்துவிட்டார். ஆட்டுக்கிடாவின் பீருக்குக் குறைவாகப் போட்டால் அன்றைக்குச் சொன்னது பொய் என்று ஆகிவிடும். அதனால் ஆறு பேரும் பத்துக்கு எட்டு, எட்டரை, ஒன்பது என்று போட்டுத் தள்ளினோம். நான் எட்டு. மே மாதம் மரப்பலகை க்ளைவுக்குப் போனது. ஹார்ட்லோவின் மிகச் சிறந்த பப். சான்றிதழில் கையெழுத்து, செயலாளர் என்ற முறையில், என்னுடையது.

க்ளெண்டா சும்மா இருப்பாளா? தடை விழுந்த வாரத்திலிருந்தே வியாழக்கிழமை தோறும் சாயங்காலம் ஆறு மணிக்கு மூன்று லாடத்தின் வாசலுக்கு வந்தாள். உள்ளே கால் வைக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே நடைபாதையில் நின்றாள். உள்ளே ஜன்னலோரம்தான் அவள் தலைமையில் டோமினோ என்ற புள்ளிக்கட்டை ஆட்டம் ஆடுகிற குழுவின் மேசை. கண்ணாடி வழியாக ஆட்டத்தைப் பார்ப்பாள். அவர்களில் ஒருவர் தப்பான கட்டையில் கை வைத்தால் விரலால் கண்ணாடியைத் தட்டுவாள். எதிர்க்குழு ஆட்சேபித்தது. "தெருவுல நிக்கறவ கண்ணாடியத் தட்டக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு? எடுத்துட்டு வா, படிக்கிறேன்" என்றாள் வெளியிலிருந்தே. மழை பெய்தால் குடையோடு வந்தாள். உள்ளே ஈரக் குடை ஒன்று ஜன்னலை மறைத்துக்கொண்டு நிற்கும்.

நான் உள்ளே நுழையும்போது தலையைக் குனிந்துகொள்வேன். அவள் விட மாட்டாள்.

"என்ன டெஸ், இன்னைக்கு உள்ள பீர் எப்படி?"

"நல்லாருக்கு."

"நீ சொன்னா எப்படி நம்பறது?"

ஊரில் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கும் முதல் இரண்டு மாதம் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை அவளை ஜன்னலில் காணவில்லை. டோமினோக்காரர்கள் அடிக்கடி வெளியே பார்த்தார்கள். நான் எழுந்து போய்ப் பார்த்தேன். செருப்புக் கடைப் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"உடம்பு சரியில்லையா?"

"முட்டி வலிக்குது. ரெண்டு மணி நேரம் நிக்க முடியல." முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். "வீட்ல பேச ஆள் இல்ல டெஸ். ரேடியோவைத் திட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். அது திருப்பித் திட்டவும் மாட்டேங்குது."

பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். அதைக் கேட்டு என் வாயிலிருந்து என்ன வந்தது பாருங்கள். "அப்ப ஒரு ஸாரி சொல்லிடேன் க்ளெண்டா. யாருக்கு என்ன நஷ்டம்?"

"பொய் சொல்லச் சொல்றியா? அதுக்குத்தான் நீ இருக்கியே" என்றாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறிப் போய்விட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை மறுபடி ஜன்னலுக்கு வெளியே நின்றாள். இந்த முறை கையில் ஒரு மடக்கு நாற்காலி இருந்தது.

ஆறு மாதம் முடிந்தால் தடை போடப்பட்டவர் வந்து முறையிடலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. இதுவரை யாரும் முறையிட்டதில்லை. மீன்தொட்டிக்காரன் என்ன சொல்லி முறையிடுவான்? செப்டம்பரில், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், தேவாலயத்தின் கூடத்தில் பப்காரர்கள் நால்வரும் உட்கார்ந்தார்கள். டீயும் பிஸ்கட்டும் இருந்தன. மார்க் காகிதங்களை எடுத்துக்கொண்டு வரும்படி நோரீன் என்னையும் கூப்பிட்டிருந்தாள். க்ளெண்டா தன் நல்ல நீல நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

க்ளைவ் தயாராக வந்திருந்தார். சுவரில் மாட்டியிருந்த சான்றிதழையே சட்டத்தோடு கழற்றி எடுத்து வந்து மேசையில் வைத்தார். "இதுக்கு மேல நான் என்னங்க சொல்ல? ஊர்ல பீர் தெரிஞ்ச ஆறு பேர் எட்டும் ஒன்பதும் போட்டிருக்காங்க. இதோ செயலாளர் கையெழுத்து. அவரே இங்க உக்காந்திருக்கார். கேட்டுக்கங்க."

நோரீன் என் பக்கம் திரும்பினாள். "டெஸ், கண்ணு, அன்னைக்கு நீ அதே பீரைக் குடிச்ச. எப்படி இருந்துச்சு?"

இந்தக் கேள்விக்குத்தான் ராத்திரியெல்லாம் பதிலை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். "அது வந்து... கொஞ்சம் சுருக்குன்னு..."

"சுருக்குன்னா?" என்றார் க்ளைவ்.

"அதாவது, சிலருக்கு அப்படித் தோணலாம்னு சொல்ல வர்றேன். குடிக்கலாம். நான் குடிச்சேனே."

"அவ்வளவுதான்" என்று க்ளைவ் சான்றிதழை எடுத்துக்கொண்டார்.

க்ளெண்டா எழுந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. "சரி, அவங்கவங்க வேலையப் பாருங்க. இன்னொரு ஆறு மாசம் போட்டுக்கங்க. அது முடிஞ்சா அதுக்கு மேல ஒரு ஆறு மாசம். நான் செத்த பெறகும் என் பேரு அந்த லிஸ்டுல கிடக்கட்டும், எனக்கொண்ணும் இல்ல. புளிச்ச பீரை நல்ல பீருன்னு என் கையால எழுத மாட்டேன். இந்த ஊர்ல ஒருத்திக்காவது நாக்கு இருந்துச்சுன்னு இருக்கட்டும்."

குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. ஆனால் கோட்டின் பொத்தானைப் போட முயன்றாள், ஒரு துளை தள்ளிப் போட்டுவிட்டாள். கழற்றிப் போட்டாள், மறுபடி தப்பாகப் போட்டாள். மூன்றாம் தடவையும் சரியாக வரவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"பொய்" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"நான் சொன்னது பொய். பீர் புளிச்சிருந்துச்சு. முதல் வாயிலயே தெரிஞ்சுது. எனக்கு மட்டும் இல்ல, எங்க மேசைல இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், நெவில் மூஞ்சி போன போக்கை நான் பாத்தேன். நல்லாருக்குன்னு சொல்லிட்டு, முழுசாக் குடிச்சிட்டு, வீட்டுக்குப் போயி வயித்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்பறம் எட்டு மார்க்கும் போட்டேன். கையெழுத்தும் போட்டேன்."

ஒருவரும் பிஸ்கட்டைத் தொடவில்லை. 'வெள்ளை மான்' பப்காரர் வயசானவர், அதிகம் பேச மாட்டார். அவர் க்ளைவிடம் மெல்லக் கேட்டார்: "அந்த வாரம் கொழாய் கழுவினியாப்பா?"

க்ளைவின் காது சிவந்தது. "புதுசா வந்திருந்தேன். ஆள் பத்தல. அந்த மாசம் விட்டுப் போச்சு" என்றார். பிறகு, "யாராவது சொல்லியிருந்தா கழுவியிருப்பேன்" என்றார்.

"சொன்னாங்களே" என்றார் வெள்ளை மான்.

நோரீன் கைப்பையிலிருந்து பட்டியலை எடுத்து, நான்காவது பேரைப் பேனாவால் அடித்தாள். காகிதம் கிழிகிற மாதிரி அடித்தாள்.

வெளியே நல்ல வெயில். க்ளெண்டா யாருக்கும் காத்திருக்காமல் முன்னால் நடந்தாள், முட்டி வலியோடு, பொத்தான் கோணலாக. நான் பத்தடி பின்னால் போனேன். என்னவோ நான்தான் அவளைக் கைப்பிடித்து அழைத்துப் போவது போல நெஞ்சு நிமிர்ந்திருந்தது எனக்கு. வெட்கக்கேடு. இருந்தாலும் நடந்ததைச் சொல்லத்தானே வேண்டும்.

மூன்று லாடத்துக்குள் அவள் நுழைந்ததும் டோமினோக்காரர்கள் நாலு பேரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் அவள் நாற்காலியைக் கையால் தூசி தட்டி விட்டார். யாரும் கை தட்டவில்லை, கட்டித் தழுவவில்லை, நாங்கள் அப்படிப்பட்ட ஆட்கள் இல்லை. "வா க்ளெண்டா. போன வாரம் ஒன்பது ஆட்டம் தோத்தோம்" என்றார் ஒருவர். "பாத்துக்கிட்டுத்தான இருந்தேன், கழுதைங்களா" என்று உட்கார்ந்தாள். நானும் ஒரு ஸ்டூலை இழுத்து அதே மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

இங்கே ஒரு மேசையில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் எழுந்து போய் எல்லாருக்கும் சேர்த்து வாங்கி வருவார். அடுத்த சுற்று அடுத்தவர். உங்களை அந்தச் சுற்றில் சேர்த்தால் நீங்கள் அந்த மேசையின் ஆள். க்ளெண்டா எழுந்து கவுன்டருக்குப் போனாள். திரும்பி வந்தபோது தட்டில் பீர் தளும்பியது. ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அவருக்கு, இவருக்கு, அந்தப் பக்கத்தவருக்கு, ஜன்னலோரத்தவருக்கு. கடைசி கிளாஸைத் தன் முன்னால் வைத்துக்கொண்டாள். ஐந்து. மேசையில் நாங்கள் ஆறு பேர்.

மறந்துவிட்டாளோ என்று நினைத்தேன். அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"நீ இன்னைக்குச் செஞ்சது நல்லதுதான் டெஸ். இல்லேன்னு சொல்லல. அதை மார்ச்சுலயே செஞ்சிருந்தா உனக்கு ஒரு வார்த்தைதான் செலவாயிருக்கும். ஆறு மாசம் நான் வெளிய நின்னேன். நீ உள்ள உக்காந்து குடிச்ச." தன் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தாள். "கொஞ்ச நாளைக்கு நீ தனியா வாங்கிக் குடி."

மற்ற நால்வரும் டோமினோக் கட்டைகளைக் கலைத்துப் பரப்ப ஆரம்பித்தார்கள். ஒருத்தரும் எனக்காகப் பேசவில்லை. எப்படிப் பேசுவார்கள்? நான் எழுந்து கவுன்டருக்குப் போனேன்.

நோரீன் கைப்பம்பில் கை வைத்தபடி கேட்டாள். "எத்தனை கண்ணு?"

"ஒண்ணு" என்றேன்.